மரநாய், நீர்நாய், அப்பா

அப்பாவோடு நான் போட்ட பெரிய சண்டை சொத்துக்காகவோ கல்யாணத்துக்காகவோ இல்லை. ஒரு விலங்குக்காக.

2012இல் தீபாவளி முடிந்து வந்த பௌர்ணமி. சிவகாசியில் அந்த நாட்களுக்கென்று ஒரு அமைதி உண்டு. வருஷம் முழுக்க ஓடிய பட்டாசு ஆலைகள் லீவு விட்டிருக்கும், கையில் போனஸில் மிச்சம் இருக்கும். அப்பாவும் கூட வேலை பார்ப்பவர்கள் நாலு பேரும் சதுரகிரிக்குக் கிளம்பினார்கள். பெங்களூரில் இருந்து வந்திருந்த என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். விடியும் முன்பே வத்திராயிருப்பு தாண்டி, தாணிப்பாறையில் இருந்து ஏறத் தொடங்கிவிட்டோம். கோரக்கர் குகையைக் கடந்து கொஞ்ச தூரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்துவிட்டேன். ஏஸி அறையில் உட்கார்ந்து கோடு எழுதுகிறவனின் நுரையீரல் அவ்வளவுதான். அப்பா ஐம்பதடி முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தவர் முகத்தில் ஒரு பரபரப்பு.

"ஏய்யா, இப்ப ஒண்ணு பார்த்தேன். மரத்துல ஓடுச்சு. நாய் மாதிரி மூஞ்சி, அணில் மாதிரி ஓட்டம். உடம்பு கருஞ்செவலை. கழுத்துல மட்டும் மஞ்சள். கந்தகத்தை அள்ளி அப்புன மாதிரி."

"மரநாயா இருக்கும்பா. நம்ம ஊர்ப் பனையில ஏறுமே, அது."

"பனைமரத்து மரநாய் எனக்குத் தெரியாதாக்கும்? அது ராத்திரி வரும். இது பட்டப்பகல்ல, மரத்துக்கு மரம் தாவுது."

அந்த இடத்தில் சிக்னல் இல்லை. இருந்திருந்தால் கூகுள் பண்ணியிருப்பேன், இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. பதிலுக்கு எல்லார் முன்னாலும் சிரித்தேன். "இலை வழியா வெயில் விழுந்திருக்கும்பா. முதல்ல கண்ணாடியை மாத்துங்க." மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். அப்பா இரட்டை லிங்கம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பாவுக்கு மருந்து அறையில் வேலை. எங்கள் பக்கம் மருந்து என்றால் மாத்திரை இல்லை, வெடிக்குள் போகிற கலவை. வெயில் ஏறும் முன் கலந்து முடிக்க வேண்டும் என்பதால் இருட்டோடு சைக்கிளை எடுத்துவிடுவார். வெடியுப்பு வெள்ளை. பொட்டாசியம் குளோரேட்டும் வெள்ளை. இந்தக் குளோரேட்டைக் கந்தகத்தோடு கலப்பது 1992இல் இருந்து தடை, ஏனென்றால் அந்தக் கலவை லேசான உரசலுக்கே வெடித்துவிடும். "வெள்ளையா இருக்கறதெல்லாம் ஒண்ணு இல்லைய்யா" என்று சின்ன வயசில் எனக்குச் சொல்லியிருக்கிறார். பேரியம் பச்சை, ஸ்ட்ரான்சியம் சிவப்பு என்பதை நான் பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தேன். அவர் கையில் பார்த்தார். ஒன்றுபோல் இருக்கும் இரண்டைப் பிரித்துப் பார்ப்பதுதான் அவருடைய பிழைப்பு. அந்த ஆளிடம்தான் மஞ்சள் தெரியவில்லை என்றேன்.

அடுத்த சீசனில் அவரை மருந்து அறையில் இருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். வயசாகிவிட்டது என்றார்கள். கூலி குறைந்தது. அன்றைக்கு மலைக்கு வந்த நாலு பேரில் ஒருவர் போர்மேனின் மச்சான். என் சிரிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அம்மா சொல்கிறாள். அவளுக்கு உண்மையில் நிம்மதிதான். அதற்குப் பிறகு ஆலைப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி வந்து திசை பார்ப்பதை நிறுத்திவிட்டாள். 2016இல் அப்பா போய்ச் சேர்ந்தார், வீட்டில், தூக்கத்தில்.

2019இல் ஆபீஸ் நண்பர்களோடு தேக்கடி போனேன். படகில் இருந்து எல்லாரும் யானையைத் தேடிக்கொண்டிருந்தபோது, செத்த மரம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்த கரையில் ஐந்து நீர்நாய்கள் ஏறி உடம்பை உதறின. ஒன்றின் வாயில் மீன். மற்றவை கீச்சுக் கீச்சென்று சண்டைக்கு நின்றன. குறுந்தொகையின் மருதப் பாட்டில் வாளை மீன் பிடிக்கும் நீர்நாயை வாசித்திருக்கிறேன், நேரில் அன்றுதான். வறண்ட வைப்பாற்றுக்காரனுக்கு அதுவே பெரிய விஷயம்.

பக்கத்தில் இருந்த வழிகாட்டி சொன்னார்: "இதோட சொந்தக்காரன் ஒருத்தன் மேலே சோலைக்காட்டுல இருக்கான் சார். மரத்து மேலதான் வாசம். எங்க ஊர்ல மரநாய்ன்னு சொல்வோம். கழுத்து மஞ்சளா இருக்கும்." போனில் படம் காட்டினார்.

கருஞ்செவலை உடம்பு. நாய் முகம். நீண்ட வால். தாடைக்குக் கீழே இருந்து நெஞ்சு வரைக்கும் மஞ்சள். கந்தகத்தை அள்ளி அப்பியதுபோல.

ஆங்கிலத்தில் நீல்கிரி மார்ட்டன். 1851இல் ஹார்ஸ்ஃபீல்ட் அறிவியல் பெயர் வைத்தார். மார்ட்டன் இனங்களில் தென்னிந்தியாவில் இருப்பது இது ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. இதுவும் நீர்நாயும் மஸ்டெலிடே என்ற ஒரே குடும்பம். இரண்டுக்கும் நீள உடம்பு, குட்டைக் கால். மற்றதெல்லாம் வேறு. தேக்கடியில் நான் பார்த்த நீர்நாய் ஏழு முதல் பதினொரு கிலோ வரை இருக்கும், மார்ட்டன் இரண்டு கிலோ சொச்சம். நீர்நாயின் வால் அடியில் தடித்த துடுப்பு, விரல்களுக்கிடையில் சவ்வு. மார்ட்டனின் வால் கிளையில் ஓடும்போது சமநிலைக்கு. நீர்நாய் குடும்பத்தோடு வாழும், கத்தும், மீனையே நம்பியிருக்கும். மார்ட்டன் பெரும்பாலும் தனியாக அல்லது ஜோடியாகத் திரியும், சத்தமில்லாமல் பறவை, பூச்சி, ஓணான் என்று கிடைத்ததைத் தின்னும். சருகுமானைத் துரத்தியதைக்கூடப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். முக்கியமாக, அது பகலில் திரிகிற விலங்கு.

அப்படியென்றால் எங்கள் ஊர்ப் பனையில் ஏறுகிற மரநாய்? அது புனுகுப்பூனையின் சொந்தம். பூனைப் பக்கத்துக் கிளை. கரிசல் காட்டில் குறுக்கே ஓடும் கீரியும் அந்தப் பக்கம்தான். மார்ட்டனும் நீர்நாயும் நாய், கரடி இருக்கும் கிளை. ஒரே பெயரை இரண்டு வேரியபிளுக்கு வைத்தால் என்ன ஆகும் என்று தினமும் ஆபீஸில் ஜூனியர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். மலையில் நான் செய்த தப்பு அதேதான். பெயரைக் கேட்டேன், அப்பா சொன்ன அடையாளம் எதையும் கேட்கவில்லை. பகல், தாவல், செவலை, மஞ்சள், நாய் மூஞ்சி. ஐந்து அடையாளம் கொடுத்தார் மனுஷன்.

அவர் பார்த்தது அதுதான் என்று இனி யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் இடம் பொருந்தாமல் இல்லை. பெரியார் காட்டில் மார்ட்டன் இருப்பது பதிவானது. பெரியாரை ஒட்டி மேகமலை, மேகமலையை ஒட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் மலை, அதில்தான் சதுரகிரி. 2021இல் இந்தப் பக்கத்துக் காடுகளைச் சேர்த்துத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். மாவட்டத்தின் இந்த ஓரத்தில் கந்தகமும் அந்த ஓரத்தில் சோலைக்காடும் இருப்பதை, அங்கேயே பிறந்து வளர்ந்த நான் வரைபடத்தில்தான் கண்டுபிடித்தேன்.

தேக்கடியில் இருந்து நேராக ஊருக்குப் போனேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இது அப்பா மலையில பார்த்தாரே, அதுதானே?"

"உங்கிட்ட சொன்னாரா?"

"வந்த அன்னிக்கே சொன்னாரு. கழுத்துல மஞ்சள்னு."

"அப்புறம்?"

அம்மா சுளகை ஒரு தட்டு தட்டி உமியை ஊதினாள்.

"அப்புறம் என்ன. 'அவன் படிச்சவன், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் கண்ணு மங்கிடுச்சுபோல'ன்னாரு. மறுவாரமே போய்க் கண்ணாடி மாத்திட்டு வந்தாரு."