தந்தையார் விட்டுச்சென்ற ஒலிநாடாக்கள்

தந்தையார் மறைந்தபின் வயலையும் வீட்டையும் பங்கிட எங்கள் மூவருக்கும் ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. தகரப் பெட்டியில் கிடந்த ஒலிநாடாக்களைத்தான் பங்கிட முடியவில்லை. பெரும்பாலானவை நாதசுரம், அவற்றிலும் காருகுறிச்சி அருணாசலமே மிகுதி. சிலவற்றில் பூஞ்சை படர்ந்திருந்தது. ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொள்வோம் என்றான் இலண்டனிலிருந்து வந்திருந்த தம்பி. அறுபது நிமிட நாடாவைக் கணினிக்கு மாற்ற அறுபது நிமிடம் ஆகும். ஆகவே விடுமுறை முழுதும் கூடத்தில் ஒன்றாக அமர்ந்து கேட்டோம். அப்பா இருந்தவரை அப்படி அமர்ந்ததில்லை.

மூன்றாம் நாள் தங்கை கேட்டாள்: "இது திருட்டில்லையா அண்ணா?" உரைநூலை முழுதாக ஒளிநகல் எடுத்து வரும் மாணவர்களை வகுப்பில் கடிந்துகொள்ளும் எங்களுக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை.

சட்டத்தைப் புரட்டினோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகையை அனுமதிக்கிறது. ஆனால் 2012 வரை அவ்விலக்கு இலக்கிய, நாடக, இசை, கலைப் படைப்புகளுக்கே உரியதாயிருந்தது. ஒலிப்பதிவு அதில் இல்லை. பாட்டின் சுரக்குறிப்பை எழுதி வைத்துக்கொள்ளலாம், பதிவை நகலெடுக்கலாகாது என்னும் விந்தை! 2012ஆம் ஆண்டுத் திருத்தம், கணினி நிரல் நீங்கலாக எல்லாப் படைப்புகளுக்கும் அதை விரித்தது. பிரித்தானியாவில் நேர்மாறு: 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தனிநகல் விலக்கை 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் நீக்கிவிட்டது. இங்கே எங்கள் கூடத்தில் தகும் செயல், தம்பியின் வீட்டில் உரிமை மீறல். உடன்பிறந்தாருக்குத் தருவது சொந்தப் பயன்பாடாகுமா? 'நியாயமான' என்னும் சொல்லுக்கு நம் சட்டம் அளவுகோல் எதையும் தரவில்லை.

ஒன்று ஆறுதல். ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகளே. 1964இல் மறைந்த காருகுறிச்சியார் வாழ்நாளில் வெளிவந்த இசைத்தட்டுகள் 2024 முடிவுக்குள் பொதுவுடைமையாகிவிட்டன. 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ்.ஜானகியுடன் அவர் வாசித்த பாடலின் பதிவும் அவ்வாறே. எனினும் இசையமைத்த எஸ்.எம்.சுப்பையா நாயுடு மறைந்தது 1979இல். ஆதலால் மெட்டின் உரிமை 2039 வரை நிற்கும்.

எங்கள் மாவட்டத்துக் குடுமியான்மலையில் ஓர் இசைக் கல்வெட்டு உண்டு. உருத்திராசாரியாரின் மாணாக்கனான அரசன் ஒருவன், மாணாக்கர் நலனுக்காகச் செய்தது என்று அதுவே சொல்கிறது. அவன் பெயரைச் சொல்லவில்லை. (மகேந்திரவர்மனா அல்லனா என்னும் வழக்கு இன்னும் ஓயவில்லை.) தம்பி அதை எடுத்துக்காட்டினான். அரசனுக்கு அது எளிது. நாதசுரக்காரருக்கு வாசித்தால்தானே சோறு என்றோம்.

கடைசியில் பதினொரு நாடாக்கள் மிஞ்சின. 1990களில் கடையொன்றில் பட்டியல் கொடுத்து, வெற்று நாடாவில் திரைப்பாடல்களைப் பதிந்து வாங்கியவை. கடைக்காரருக்குப் பணம் போயிற்று. பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் ஒரு காசும் போகவில்லை. அட்டைகளில் பாடல் வரிசை முழுதும் அப்பாவின் கையெழுத்து. நகலெடுக்க வேண்டாம் என்றாள் தங்கை. எடுத்தே ஆகவேண்டும் என்றான் தம்பி. அட்டைகளை மட்டும் ஒளிநகல் எடுத்து இருவருக்கும் கொடுத்தோம். நாடாக்கள் இன்னும் பெட்டியிலேயே இருக்கின்றன.