முழங்கால் மட்டும்

மலேசியாவில் நீலாய்ப் பக்கம் செம்பனைக் குலை வெட்டுகிறவனுக்கு அரிவாளுக்கு அடுத்தபடி பூட்ஸ்தான். மட்டை முள்ளும் எலியைத் தேடி வரும் நாகமும் காலைத்தான் பார்க்கும். மழை பெய்தால் கால்வாயில் இறங்காமல் அடுத்த வரிசைக்குப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை அதே பூட்ஸோடு விரால் பிடிக்கப் போவேன். நெஞ்சு வரைக்கும் ஏறுகிற மீன்பிடிக் கால்சட்டையும் கடையில் கிடைக்கிறது. குளிர்நாட்டு ஆற்றுக்கு அது சரி. இந்தப் புழுக்கத்தில் போட்டால் வெளித் தண்ணீருக்குத் தப்பி உள்வேர்வையில் நனைய வேண்டியதுதான்.

கித்தா (ரப்பர்) பூட்ஸ் மெத்தென்று காலோடு வளையும். ஆனால் செம்பனைக் காட்டில் நிலைக்காது. மிதிபட்ட உதிரிப் பழத்தின் எண்ணெய் ஊறி, கித்தா உப்பிப் பிசுபிசுக்கும். பி.வி.சி. அதைவிடத் தாங்கும். நாள்பட அதுவும் விறைத்து, கணுக்கால் மடிப்பில் வெடிக்கும். அதனால் வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நிழலில் தலைகீழாகக் கம்பில் செருகிவிடுவேன். காலையில் உதறாமல் போட மாட்டேன். பூரானுக்கு அந்த இருட்டு ரொம்பப் பிடிக்கும்.

பால்மரம் எனும் ரப்பர் மரத்தின் காலத்தில் இங்கே வெறுங்கால்தான் வழக்கம். 1914-18 போரில் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற சிப்பாய்களுக்காக எடின்பரோவின் நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனி 11 லட்சம் ஜோடிக்கு மேல் ரப்பர் பூட்ஸ் செய்து கொடுத்தது. உலக ரப்பரில் பெரும்பங்கு அப்போது மலாயாவுடையது. அதே போர்க்காலத்தில், ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய மருத்துவக் குழு கொக்கிப்புழுவை ஆராய மலாயாவுக்கு வந்தது. அந்தப் புழு மண்ணிலிருந்து வெறும் பாதத்தின் தோலைத் துளைத்து உடம்புக்குள் ஏறும். பால் வெட்டியவர்கள் காலுக்குச் சப்பாத்து ஏறப் பல காலம் ஆயிற்று. பிறகு வந்த ‘அடிடாஸ் கம்போங்’, அந்தக் கறுப்புக் கித்தாச் சப்பாத்து, சரிவில் வழுக்காது. மலை ஏறுகிறவர்கள்கூட இப்போது அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். ஆனால் தண்ணீரில் இறங்க அது உதவாது.

சேற்றில் கால் புதைந்தால் நேராக மேலே இழுக்கக் கூடாது. கால் வரும், பூட்ஸ் வராது. குதிகாலை இடமும் வலமும் அசைத்தால் இடுக்கில் காற்று நுழையும். சேறு பிடியை விடும். கால்வாயில் கம்பால் ஆழம் பார்த்த பிறகுதான் அடுத்த அடி. வாய் விளிம்புக்கு மேல் தண்ணீர் போனால் பூட்ஸ் நிரம்பிவிடும். நிரம்பிய பூட்ஸ் ஆளை அடிக்கு இழுக்கும் என்று பயப்படுகிறார்கள். தண்ணீருக்குள் தண்ணீருக்குக் கனம் இல்லை. கரை ஏறும்போதுதான் கனக்கும். பதறாமல் கரையில் சாய்ந்து, காலைத் தூக்கி வடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

எலி சிறுநீர் கலந்த தண்ணீர் புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். அதனால் பாதத்தில் ஓட்டை விழுந்த பூட்ஸை மீனுக்கு எடுத்துப் போவதில்லை. கித்தா என்றால் சைக்கிள் டியூப் துண்டை வைத்து ஒட்டிவிடலாம். பி.வி.சி.யில் அந்த ஒட்டு நிற்காது. மேல்பகுதி வெடித்ததைக் கணுக்காலோடு அறுத்து வைத்திருக்கிறேன். கோழிக்கொட்டகைக்குப் போக அது போதும்.