அளவு நாடாவும் அமானிதமும்



சென்ற ஆண்டு ஷவ்வால் மாதத்தில் ஒரு நாள், அம்பத்தூரில் உள்ள எங்கள் மத்ரஸாவில் நிய்யத் பற்றிய பாடம் நடத்தினேன். ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸே அதுதான்: செயல்கள் அனைத்தும் எண்ணத்தைக் கொண்டே அமைகின்றன. பாடம் முடிந்ததும் பதினான்கு வயது மாணவி ஒருத்தி என்னருகே வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "உஸ்தாதா, நீங்க வைக்கிற மாதிரியே நானும் திங்கள், வியாழன் நோன்பு வைக்கிறேன். ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு" என்றாள் மகிழ்ச்சியோடு.

நான் நடத்திய பாடம் என்னையே நோக்கித் திரும்பி நின்றது.

அவள் தவறாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. என்னிடம் இருந்ததையே கற்றிருந்தாள். மூன்றாவது குழந்தைக்குப் பின் என் உடல் பெருத்தது. சோற்றை நிறுத்தினேன், ஓட்ஸுக்கு மாறினேன், பிறகு சுன்னத்தான நோன்புகளைத் தொடங்கினேன். அல்லாஹ்வுக்காக என்றுதான் நாவு சொன்னது. ஆனால் இஃப்தார் நேரத்தில் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுக்குமுன் எடைக் கருவியின் மீது ஏறி நின்ற நாட்கள் உண்டு.

மெலிந்த பின் உடுத்துவதற்கென்று ஆறு சுடிதார்கள் அலமாரியில் காத்திருந்தன. உடுத்தியவையோ கைக்குழியில் இறுகின. ருகூவில் குனியும்போது முதுகுத் தையல் இழுத்தது. தொழுகையில் என் கவனம் அந்தத் தையலில்தான் இருந்தது. வெளியே செல்லும்போது புர்கா அனைத்தையும் மறைத்துவிடும் என்று ஆறுதல் கொண்டேன். ஹயாவுக்காக அணியும் ஆடையை, என் உடலைப் பற்றிய வெறுப்பை ஒளித்துவைக்கும் உறையாக ஆக்கியிருந்தேன்.

எங்கள் தெருவில் மூத்த அம்மா ஒருவர் இருக்கிறார். ஆவடியில் 1961-இல் தொடங்கப்பட்ட படைத்துறை உடைத் தொழிற்சாலையில் இராணுவச் சீருடைகள் தைத்து ஓய்வுபெற்றவர். அவரிடம் தையல் கற்கச் சென்றேன். முதல் நாள் அளவு நாடாவைச் சுற்றியதும் என்னை அறியாமலேயே மூச்சை உள்ளிழுத்தேன். அவர் சிரித்தார். "மூச்சை விடுங்க டீச்சர். நீங்க நிக்கிற அளவுதான் துணிக்கு வேணும்" என்றார்.

ஆயத்த ஆடைகளில் இருக்கும் எம், எல், எக்ஸெல் என்னும் எழுத்துகள் பலருடைய அளவுகளைக் கூட்டி வகுத்து எடுத்த சராசரிகள். அமெரிக்காவில் 1939, 1940 ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்து நடத்திய ஆய்விலிருந்தே பெண்களின் ஆடைகளுக்கான அந்நாட்டின் முதல் தேசியத் தர அளவு அட்டவணை பிறந்தது. அத்தகைய அட்டவணை எதுவும் அம்பத்தூர்ப் பெண்ணின் தோளையும் இடுப்பையும் பார்த்து எழுதப்பட்டதன்று. அதற்குள் அடங்காதது என் குற்றமென்று எத்தனை ஆண்டுகள் எண்ணியிருந்தேன்!

வீட்டில் தைக்கும்போது கணக்கு எளிது. மார்புச் சுற்றளவு 40 அங்குலம் எனில், தாராளத்துக்கு 4 அங்குலம் கூட்ட வேண்டும். நான்காய் மடித்த துணியில் 11 அங்குலம். தையலுக்கு மேலும் 1 அங்குலம். கைக்குழியைச் சற்று இறக்கி வெட்டினால் தக்பீருக்குக் கை உயரும்போது துணி இழுக்காது. பொருத்தமான ஆடை என்பது ஒட்டிப் பிடிக்கும் ஆடையன்று. உடலின் உருவத்தைக் காட்டாமலும் உடலை வருத்தாமலும் இருப்பது. நான் தைத்த முதல் குர்தாவில் கழுத்துக் கோணியிருந்தது. ஆனாலும் அதை அணிந்து தொழுத அஸரில் என் உடல் என் நினைவுக்கே வரவில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று அபூதாவூதில் உண்டு. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் போட்டியில் ஓடி முந்தினார்கள். பின்னாளில் உடல் சதைபோட்ட பிறகு மீண்டும் ஓடினார்கள். இம்முறை நபியவர்கள் முந்தி, அந்தத் தோல்விக்கு இது ஈடு என்றார்கள். தம் உடல் பருத்ததை அன்னையவர்கள் நாணமின்றி, மறைக்காமல் சொல்கிறார்கள். அதில் குறை கூறும் சொல் ஒன்றுகூட இல்லை. நபியவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்பதையும் நமக்கு அறிவித்தவர்கள் அதே அன்னையவர்கள்தாம்.

உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது நபிமொழி. அமானிதமாகப் பெற்றதை வெறுக்க நமக்கு அனுமதியில்லை, வீணாக்கவும் அனுமதியில்லை. ஆகவே, மருத்துவர் சொன்ன நடையையும் சர்க்கரைப் பரிசோதனையையும் நான் விடவில்லை. வயிறு முட்ட உண்பதுமில்லை. விட்டது பட்டினியையும் எடைக் கருவியையும் மட்டுமே. மதியம் பிள்ளைகளோடு அமர்ந்து சோறு உண்கிறேன்.

அந்த மாணவியிடம் என் தவறை ஒப்புக்கொண்டேன். ஆசிரியைக்கு அது எளிதன்று. அவளுடைய தாயாரை அழைத்துப் பேசி மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். இப்போது அவள் சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து துணி வெட்டப் பழகுகிறாள். நாடாவைச் சுற்றும்போது அவளும் மூச்சை இழுக்கிறாள். "மூச்சை விடு கண்ணு" என்கிறேன்.

காத்திருந்த ஆறு சுடிதார்களையும் அவற்றின் அளவுக்குரியவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். சகோதரிகளே, உங்கள் அலமாரியிலும் அப்படி ஏதேனும் காத்திருந்தால் ஸதகாவாகக் கொடுத்துவிடுங்கள். வல்ல ரஹ்மான் நம் நோன்புகளைத் தனக்கென்றே ஆக்கிக்கொள்வானாக. ஆமீன்.