சிப்பாயா, ஆபீஸரா?

கதை எழுதுகிறவனுக்கு உலகத்தில் எல்லாம் தெரியும் என்று எங்கள் தெருவில் ஓர் எண்ணம் உண்டு. அதனால்தான் எதிர்வீட்டுத் தையற்காரரின் மகன் என்னிடம் வந்து, "மாமா, பட்டாளத்தில் சிப்பாயாகச் சேரட்டுமா, ஆபீஸர் பரீட்சை எழுதட்டுமா?" என்று கேட்டான். பிளஸ் டூ முடித்தவன், பதினெட்டு வயசு.

"இதில் யோசனை என்னடா? சல்யூட் அடிப்பதைவிட வாங்கிக்கொள்வது மேல்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கணக்கோடு வந்திருந்தான். 2022-இல் வந்த அக்னிபத் திட்டப்படி சிப்பாய்க்கு முதல் வருஷம் மாசம் 30,000 ரூபாய். பிடித்தம் போகக் கையில் 21,000. ஆனால் நாலு வருஷம்தான். அப்புறம் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம் என்று திட்டம் வகுத்தபோதே சொல்லிவிட்டார்கள். ஆபீஸர் வழியோ நீளம். என்.டி.ஏ. பரீட்சை, ஐந்து நாள் நேர்முகத் தேர்வு, புனேக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் மூன்று வருஷம், டேராடூனில் ஒரு வருஷம். சோறும் படிப்பும் சர்க்கார் செலவு. ஆனால் கடக்வாஸ்லாவில் இருக்கும் வரை வீட்டுக்கு அனுப்பச் சம்பளம் கிடையாது.

"அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது, மாமா. ஊசியில் நூல் நான்தான் கோத்துக் கொடுக்கிறேன்" என்றான்.

பேசாமல் அவனை மேலத் தெரு சுபேதாரிடம் அழைத்துப் போனேன். தெரியாத விஷயத்தை அடுத்தவர் தலையில் கட்டுவதில் எழுத்தாளனுக்கு ஈடில்லை.

"சிப்பாயிலிருந்தும் ஆபீஸராகலாம், சார்" என்றார் அவர். "டேராடூனில் ஆர்மி கேடட் காலேஜ் அதற்குத்தான் இருக்கிறது. நான் நாயக்காக இருந்தபோது கர்னல் கூப்பிட்டு எழுதச் சொன்னார். தங்கை கல்யாணம் இருக்கிறது என்றேன். பொய். இங்கிலீஷுக்குப் பயம்." கொஞ்ச நேரம் திண்ணையைத் தடவிக்கொண்டிருந்தார். "பிற்பாடு என் பிளட்டூனுக்கு இருபத்திரண்டு வயசு லெப்டினன்ட் வந்தார். நல்ல பிள்ளை. என்னை 'சாஹிப்' என்றுதான் கூப்பிடுவார். என்ன செய்யலாம் சாஹிப் என்று கேட்பார், சொல்வேன். உத்தரவு மட்டும் அவர் வாயிலிருந்து வரும்."

பிறகு பையன் பக்கம் திரும்பினார். "உனக்கு அப்பா கண்ணா, இங்கிலீஷா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இரண்டும்தான், தாத்தா."

"என்.டி.ஏ.வுக்குப் பத்தொன்பதரை வயசோடு கதவு சாத்திவிடும். உனக்கு இன்னும் ஒரு தடவை கிடைத்தால் அதிகம். முதலில் அதை எழுது. சிப்பாய்க்கு அப்புறமும் வயசு இருக்கிறது."

எனக்கு இது தோன்றவே இல்லை.

நேற்று இரவு தையல் மிஷின் சத்தம் ஓய்ந்த பிறகும் எதிர்வீட்டில் இங்கிலீஷ் பாடம் உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. உச்சரிப்பு படுமோசம். திருத்தலாமென்று காலையில் போனேன். அப்பாவின் அன்றைய வேலைக்காக ஊசிகளில் நூல் கோத்துச் செருகிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஓர் ஊசியை என்னிடம் நீட்டினான்.