ஒரு மைலுக்குள்ள ரெண்டு ஸ்கூல்

ஸ்கூல் எல்லைக்கோட்டை மாத்தப் போய் ஒரு ஏரியாவே ரெண்டுபட்ட கதை இது மக்களே. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

இடம் நியூயார்க்கின் புரூக்ளின். வருஷம் 2015.

அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்களில் வீடு எந்த எல்லைக்குள்ள இருக்கோ, அந்த அரசுப் பள்ளியில்தான் பிள்ளைக்கு இடம். அதனால வீடு வாங்குறவங்க முதல்ல ஸ்கூல் எதுன்னு பார்க்கிறாங்க. பேர் வாங்கின ஸ்கூல் எல்லைக்குள்ள வீட்டு விலையும் கூட.

புரூக்ளின் ஹைட்ஸ் பகுதியில் பி.எஸ். 8னு ஒரு தொடக்கப்பள்ளி. வசதியான வீட்டுப் பிள்ளைகள், பெரும்பான்மை வெள்ளையர். இடம் பத்தாம நிரம்பி வழிஞ்சுது.

ஒரு மைல்கூட இல்லாத தூரத்தில் பி.எஸ். 307. பக்கத்திலேயே ஃபாரகட் ஹவுசஸ்ங்கிற அரசுக் குடியிருப்பு. நம்ம ஊர் குடிசை மாற்று வாரிய அடுக்குமாடி மாதிரினு வச்சுக்கோங்க. ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்க வம்சாவளி. அங்கே இடம் காலியா இருந்துச்சு.

கல்வித்துறை சுலபமா ஒரு கணக்கு போட்டுச்சு. டம்போ, வினிகர் ஹில் பகுதிகளை 8-லிருந்து பிரிச்சு 307-ல சேர்த்துடலாம்.

பத்திக்கிச்சு.

டம்போ பெற்றோர் எதிர்த்ததுல ஆச்சரியம் இல்லை. 307-ல மார்க் கம்மி, எங்க பிள்ளைங்க என்ன ஆவாங்கனு கேட்டாங்க. ஆனா 307 பெற்றோரும் எதிர்த்தாங்க. என்னை யோசிக்க வச்சது அதுதான்.

அந்தப் பள்ளியில் சின்ன வகுப்பிலேயே சீன மொழி, வயலின் எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. யாரும் எட்டிப் பார்க்காத காலத்தில் அவங்களே பார்த்துப் பார்த்து வளர்த்த ஸ்கூல். காசுள்ளவங்க வந்தா பெற்றோர் சங்கம் அவங்க கைக்குப் போகும், அப்புறம் சீட்டும் போகும், கடைசியில எங்க பிள்ளைங்களுக்கே இடம் இருக்காதுங்கிறது அவங்க பயம். ஏழைப் பிள்ளைகளுக்குனு ஒரு பங்கு இடத்தை ஒதுக்கி வைக்கச் சொன்னாங்க.

இந்தப் பயம் எனக்குப் புரியும். கொரோனா இரண்டாம் அலையில் தனியார்ல பெட் கிடைக்காம, வாழ்க்கையில ஜி.ஹெச். வாசலை மிதிக்காதவங்க எல்லாம் எங்க வார்டுக்கு வந்தாங்க. ஃபேன் ஓடலைன்னா அடுத்த நிமிஷம் மேல போன் போகும். ஃபேன் ஓடுச்சு, பாத்ரூம் சுத்தமாச்சு. அதே நேரம், வழக்கமா எங்ககிட்ட வர்ற கூலித் தொழிலாளி ஒருத்தர் வராண்டாவில் நின்னுக்கிட்டு, "எங்களுக்கு பெட் இருக்குமா சார்?"னு கேட்டார்.

வசதியானவங்க வந்தா இடம் நல்லாகும். அது யாருக்கான இடமா மாறும்ங்கிறது வேற கேள்வி. 307 பெற்றோர் கேட்டது அந்த ரெண்டாவது கேள்வியைத்தான்.

எல்லை மாற்றத்துக்கு 2016 ஜனவரியில் ஒப்புதல் கிடைச்சுது. அந்தக் கதையை நியூயார்க் டைம்ஸ் இதழில் விரிவா எழுதினவர் நிகோல் ஹன்னா-ஜோன்ஸ். அவர் மகளும் 307-லதான் படிச்சா. சேர்க்கிறதுக்கு முன்னாடி கணவருக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு வந்ததையும் ஒளிக்காம எழுதியிருக்கார்.

அதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எங்க வீட்டு நிலவரமும் அதேதான்.

நம்ம ஊர்ல அரசுப் பள்ளியில் சேர்க்க அப்படி ஒரு கோடு கிடையாது. ஆர்.டி.இ.-ல தனியார் பள்ளி சீட்டு கேட்கும்போதுதான் ஒரு கிலோமீட்டர் கணக்கு வரும். மத்தபடி யார் பிள்ளை யார் பக்கத்துல உட்காரணும்ங்கிறதை ஃபீஸே முடிவு பண்ணிடும். அதனால கூட்டமும் இல்லை, சண்டையும் இல்லை. எங்க துறையில ஒரு துணை சுகாதார நிலையத்தோட எல்லையை மாத்தினா எத்தனை பேர் கேள்வி கேட்பாங்க? கேட்கிற இடத்துல இருக்கிறவங்க யாரும் அங்கே வர்றதில்லையே.

பொண்ணுக்கு ஜூன்ல ஒண்ணாம் வகுப்பு. குவார்ட்டர்ஸ்லிருந்து நடக்கிற தூரத்துல ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி. "உங்க கொள்கைக்கு என் பொண்ணுதான் கிடைச்சாளா?"ன்னாங்க மனைவி. நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெரியலை.

போன சனிக்கிழமை ரெண்டு பேருமே போய்ப் பார்த்தோம். மனைவி முதல்ல பார்த்தது பிள்ளைகளோட டாய்லெட்டை. தண்ணி வந்துச்சு, ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒண்ணாம் வகுப்பு டீச்சர்கிட்ட அரை மணி நேரம் பேசினாங்க. வர்ற வழியில எதுவும் சொல்லலை.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்பன்னு நான் ஹெச்.எம். கிட்ட கேட்டு வச்சிருக்கேன். இன்னும் பெற்றோர் ஆகலை, இருந்தாலும் வந்து உட்காருங்க டாக்டர்னு சொல்லியிருக்காங்க.