நூறாண்டு கழித்து நிரம்பிய நகரம்

இந்தியத் துணிக்குக் கதவடைத்து வளர்ந்த அமெரிக்க ஆலை நகரம் லோவெல். பிறகு தன் ஆலைகளையே இழந்தது. மிஞ்சிய செங்கற்களையும் வந்து சேர்ந்த அகதிகளையும் வைத்து அது மீண்ட கதை இது.

பூட் பருத்தி ஆலையின் தரைத்தளத்துக்குள் நுழைபவர்களின் கையில் முதலில் தருவது காதை அடைத்துக்கொள்ள நுரைத் தக்கைகள். உள்ளே 80-க்கும் மேற்பட்ட தறிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. எல்லாம் 20-ம் நூற்றாண்டின் தொடக்ககால இயந்திரங்கள். கூரையிலிருந்து தோல் பட்டைகள் தொங்குகின்றன. பார்வையாளர்களுக்காக அவற்றில் சிலவற்றை மட்டும் ஓட்டுகிறார்கள். அதற்கே தரை அதிர்கிறது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்பதில்லை. நெய்து இறங்கும் துணி சமையலறைத் துண்டாகி அருங்காட்சியகக் கடையில் விலைக்கு வருகிறது. ஒரு காலத்தில் அமெரிக்காவுக்கே துணி நெய்த ஊரின் ஆலையில் இன்று நெய்யப்படுவது அவ்வளவுதான்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு வடமேற்கே சுமார் 40 கிலோ மீட்டர் தொலைவில் இருக்கிறது லோவெல். பரப்பளவு 40 சதுர கிலோ மீட்டருக்கும் குறைவு. 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே 1,12,759 பேர் இருந்தார்கள். 1980-ல் அது 92,418 ஆகச் சுருங்கியது. 2020-ல் எடுத்த கணக்கு 1,15,554 என்றது. இழந்த ஜனங்களைத் திரும்பப் பெற ஒரு நகரத்துக்குச் சரியாக நூறு வருடம் பிடித்திருக்கிறது. ஆனால் வெளியேறியவர்கள் திரும்பவில்லை. அவர்கள் இடத்தில் வந்தவர்கள் வேறு.

நீர் இறங்கும் இடம்

ஊர் இங்கே அமைந்ததற்கு ஆறுதான் காரணம். நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து தெற்கு நோக்கி ஓடிவரும் மெரிமாக் ஆறு, லோவெல் அருகே வடகிழக்காகத் திரும்பி அட்லாண்டிக் கடலை நோக்கிச் செல்கிறது. திரும்பும் இடத்தில் பாடக்கெட் அருவி. குற்றாலத்தைப் போல உயரத்திலிருந்து கொட்டும் அருவி அல்ல. பாறைகள் மீது உருண்டு கொஞ்ச தூரத்துக்குள் 32 அடி இறங்கும் நீர். சற்றுக் கீழே கன்கார்டு ஆறு வந்து சேர்கிறது. வெள்ளையர் வருவதற்கு முன் இது பென்னகூக் பழங்குடியினர் வசந்தகாலத்தில் கூடி மீன்பிடித்த இடம்.

அருவியைத் தாண்டி மரக்கட்டைகளையும் படகுகளையும் கொண்டுபோக 1790-களில் ஒரு கால்வாய் வெட்டினார்கள். சில வருடங்களிலேயே பாஸ்டனுக்கு நேரே போகும் மிடில்செக்ஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் இதற்கு வேலை குறைந்தது. 1821-ல் பாஸ்டன் முதலாளிகள் சிலர் வந்து பார்த்தபோது அவர்கள் கண்ணுக்குப் பட்டது படகுப் பாதை அல்ல. 32 அடி இறங்கும் நீர் எத்தனை சக்கரங்களைச் சுற்றும் என்ற கணக்கு. சுற்றியிருந்த விவசாய நிலங்களையும் கால்வாயையும் சேர்த்து வாங்கினார்கள். 1823-ல் மெரிமாக் கம்பெனியின் முதல் துணி இறங்கியது. 1826-ல் ஊருக்குப் பெயர் வைத்தார்கள். பெயருக்கு உரியவர் அப்போது உயிரோடு இல்லை.

மனதில் திருடிய தறி

பிரான்சிஸ் கபோட் லோவெல் பாஸ்டன் வணிகர். சீனத்துப் பட்டும் தேயிலையும், இந்தியக் கைத்தறித் துணியும் இறக்குமதி செய்து சம்பாதித்தவர். 1810-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து சென்று அங்குள்ள ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். விசைத்தறியின் வரைபடத்தை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அப்போது தடை இருந்தது. லோவெல் பார்த்ததை மனதில் பதித்துக்கொண்டு 1812-ல் ஊர் திரும்பினார். பால் மூடி என்ற திறமைசாலி மெக்கானிக்கைப் பிடித்து, வால்தம் என்ற ஊரில் 1814-ல் தறியை ஓட்டிக் காட்டினார். பஞ்சு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் துணியாக வெளிவரும் ஆலை அது.

அடுத்துச் செய்த காரியம்தான் நமக்கு அக்கறையானது. 1812-ல் மூண்ட போர் 1815-ல் முடிந்ததும் மலிவான வெளிநாட்டுத் துணிகள் மீண்டும் அமெரிக்கத் துறைமுகங்களில் குவிந்தன. லோவெல் வாஷிங்டனுக்குப் போய், தென் மாநிலப் பிரதிநிதிகளிடம் ஆதரவு திரட்டினார். 1816-ல் வந்த சுங்கச் சட்டம் பருத்தித் துணிக்கு 25 சதவீத வரி விதித்தது. பார்த்தால் மிதமான வரி. சூட்சுமம் அடுத்த வரியில் இருந்தது: சதுர கஜம் 25 சென்ட்டுக்குக் குறைந்த விலையுள்ள துணி எதுவானாலும் 25 சென்ட் மதிப்புள்ளதாகவே கணக்கிடப்படும். அதாவது, 6 சென்ட் துணிக்கும் ஆறேகால் சென்ட் வரி. விலையை விட வரி அதிகம். இங்கிலாந்தின் உயர்ரகத் துணிக்கு இது பெரிய அடி இல்லை. இந்தியாவின் மலிவுத் துணிக்கோ கதவு சாத்தப்பட்டது. இந்தியத் துணி விற்றுப் பணம் பார்த்தவரே அதைச் சாத்தவும் வழி செய்தார். அடுத்த வருடமே, 42 வயதில், இறந்துபோனார்.

நம் நெசவாளர்களின் வீழ்ச்சிக்கு மான்செஸ்டரை மட்டுமே குற்றம் சொல்லிப் பழகிவிட்டோம். கணக்கில் மெரிமாக் கரைக்கும் ஒரு பங்கு உண்டு.

மணி அடித்தால் எழு

ஆலைகளுக்கு ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்? நியூ இங்கிலாந்து பண்ணை வீடுகளின் இளம்பெண்களை அழைத்தார்கள். மகளை அனுப்பத் தயங்கிய பெற்றோருக்காகக் கம்பெனியே தங்கும் விடுதிகள் கட்டியது. விடுதிக்கு ஒரு பொறுப்பாளம்மா. இரவு பத்து மணிக்குக் கதவடைப்பு. ஞாயிறு தவறாமல் சர்ச். அதிகாலையில் மணி அடிக்கும். ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை. ஆனால் கையில் ரொக்கச் சம்பளம், அதுவும் தன் பெயரில். அந்தக் காலத்துப் பெண்ணுக்கு வேறு எங்கும் எளிதில் கிடைக்காதது அது.

1842-ல் லோவெலைப் பார்க்க வந்த சார்லஸ் டிக்கன்ஸ் மூன்று விஷயங்களில் வியந்துபோனார்: பல விடுதிகளில் பியானோ இருந்தது, பெண்கள் சந்தா கட்டி நூலகங்களில் புத்தகம் எடுத்தார்கள், தாங்களே எழுதி ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். 'லோவெல் ஆஃபரிங்' என்ற அந்தப் பத்திரிகை 1840-களின் முற்பாதியில் வெளிவந்தது. டிக்கன்ஸ் ஒரே நாளில் ஊரைப் பார்த்துவிட்டுப் போனார். 1834-ல் கூலியைக் குறைத்தபோதும், 1836-ல் விடுதிச் செலவை உயர்த்தியபோதும் இதே பெண்கள் தறிகளை விட்டுத் தெருவில் இறங்கியதை அவர் பார்த்திருக்க முடியாது. 1840-களின் நடுவில் சாரா பாக்லி என்ற ஆலைத் தொழிலாளி தலைமையில் சங்கம் அமைத்து, பத்து மணி நேர வேலை கேட்டு ஆயிரக்கணக்கில் கையெழுத்து சேர்த்தார்கள். ஓட்டுரிமை இல்லாத பெண்களின் மனுவை மாநிலச் சட்டசபை விசாரித்தது, தலையிட மறுத்தது. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேரச் சட்டம் மாசசூசெட்ஸில் வந்தது 1874-ல்.

விடுதியின் ஒழுங்கைப் புகழ்ந்தவர்கள் பஞ்சு எங்கிருந்து வந்தது என்று அதிகம் கேட்கவில்லை. தென் மாநிலங்களில் கருப்பின அடிமைகள் பறித்த பஞ்சு அது. அதில் நெய்த முரட்டுத் துணி ஒன்று திரும்பவும் தெற்கே போய் அந்த அடிமைகளுக்கே உடுப்பாயிற்று. அடிமைகள் அந்தத் துணியை 'லோவெல்' என்ற பெயரிலேயே சொன்னார்கள். ஊரில் அடிமை முறைக்கு எதிரான சங்கங்களும் இருந்தன. ஆலை முதலாளிகளின் பங்காளிகளாகத் தோட்ட முதலாளிகளும் இருந்தார்கள்.

1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஏப்ரல் 19 அன்று பால்டிமோரில் கலகக் கும்பல் தாக்கியதில் பலியான வட தரப்புச் சிப்பாய்களில் லூதர் லாட், அடிசன் விட்னி இருவரும் லோவெலில் வேலை பார்த்தவர்கள். லாடுக்கு வயது 17. நகரசபைக் கட்டடத்தின் முன் அவர்கள் நினைவுத் தூண் நிற்கிறது. தெற்கின் பஞ்சு வரத்து நின்றதும் முதலாளிகள் என்ன செய்தார்கள்? விலை ஏறிய இருப்புப் பஞ்சை லாபத்துக்கு விற்றுவிட்டு ஆலைகளைச் சாத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அதே பஞ்சப் பஞ்சுக் காலத்தில்தான் பம்பாய் வியாபாரிகள் இந்தியப் பஞ்சை லங்காஷயருக்கு விற்றுக் கொழித்தார்கள்.

பைத்தியக்காரக் கதவு

லோவெலில் பிறந்து இந்தியாவுக்கு வந்த இன்னொரு பொருள் உண்டு. கால்வாய்களின் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பிரான்சிஸ், இங்கிலாந்திலிருந்து இளைஞனாக வந்தவர். மரச்சக்கரங்கள் நீரின் சக்தியில் பெரும்பகுதியை வீணாக்குவதைக் கண்டு, 1840-களின் இறுதியில் புதிய சுழலி ஒன்றை வடிவமைத்தார். உலகின் நீர்மின் நிலையங்களில் அதிகம் சுழல்வது இன்றும் பிரான்சிஸ் டர்பைன்தான். பக்ரா அணையில் மின்சாரம் தருவதும் அந்த வகையே.

அவரது இன்னொரு வேலையை ஊர் கேலி செய்தது. பெருவெள்ளம் வந்தால் கால்வாய் வழியாக நகரமே மூழ்கும் என்று கணக்குப் போட்டு, 1850-ல் பிரமாண்டமான மரக்கதவு ஒன்றைக் கால்வாய்க்கு மேல் தொங்கவிட்டார். 'பிரான்சிஸின் பைத்தியக்காரத்தனம்' என்றார்கள். இரண்டே வருடத்தில், 1852-ல், வெள்ளம் வந்தது. கதவைத் தாங்கிய இரும்புப் பட்டையை வெட்டி இறக்கினார்கள்; நகரம் தப்பியது. 1936 வெள்ளத்திலும் அதே கதவு இறங்கிக் காப்பாற்றியது.

வந்தவர்களும் போனவையும்

கால்வாய் வெட்ட 1822-லேயே ஐரிஷ்காரர்கள் வந்தார்கள். 'ஏக்கர்' என்ற பகுதியில் குடிசை போட்டார்கள். பஞ்சத்தால் விரட்டப்பட்ட மேலும் பல ஐரிஷ்காரர்கள் பண்ணைப் பெண்களின் இடத்தைக் குறைந்த கூலிக்கு நிரப்பினார்கள். பின்னால் பிரெஞ்சு கனடாக்காரர்கள், கிரேக்கர்கள், போலந்துக்காரர்கள், போர்ச்சுகீசியர்கள். ஒவ்வொரு கூட்டமும் முந்தையதை விட ஒரு படி கீழே ஆரம்பித்தது. 1922-ல் இங்கே பிறந்த எழுத்தாளர் ஜாக் கெரோவாக்கின் வீட்டு மொழி பிரெஞ்சு. உலகம் சுற்றிய அவர் புதைக்கப்பட்டிருப்பது இந்த ஊரின் எட்சன் கல்லறையில்.

சரிவு நீராவியோடு தொடங்கியது. நிலக்கரி எரித்து எங்கும் ஆலை நடத்தலாம் என்றானபின் அருவிக்கு மதிப்பில்லை. தென் மாநிலங்களில் பஞ்சு பக்கத்திலேயே, கூலி குறைவு, சங்கம் கிடையாது. லோவெல் முதலாளிகள் லாபத்தைப் புது இயந்திரத்தில் போடாமல் பங்கு ஈவாகப் பிரித்துக்கொண்டார்கள். 1920-களில் பல ஆலைகள் மூடின. 1950-களில் பூட்டும் மெரிமாக்கும் நின்றன. 1960-களில் 'நகரச் சீரமைப்பு' என்ற பெயரில் பிரெஞ்சு கனடாக்காரர்களின் குடியிருப்பும் பழைய விடுதிகளும் இடிக்கப்பட்டன. கால்வாய்களைத் தூர்த்துவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது.

அதைத் தடுத்தவர்களில் முக்கியமானவர் பேட்ரிக் மோகன் என்ற கல்வியாளர். தன் ஊரைத் தோற்றுப்போன ஊர் என்று நினைக்கும் பிள்ளை எப்படிப் படிக்கும் என்பது அவர் கவலை. ஊரையே அருங்காட்சியகமாக்கலாம் என்றார். சலவைக் கடை நடத்திய கிரேக்கக் குடும்பத்தின் மகன் பால் சாங்கஸ், அமெரிக்கக் காங்கிரசில் மசோதா கொண்டுவந்தார். 1978-ல் லோவெல் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. மலைகளுக்கும் காடுகளுக்கும் தரப்படும் அந்தஸ்து, பாழடைந்த ஆலைகளுக்குக் கிடைத்தது.

இதற்கிடையே ஒரு மயக்கமும் வந்து போனது. ஷாங்காயில் பிறந்த ஆன் வாங்கின் கம்ப்யூட்டர் கம்பெனி 1970-களில் தலைமையகத்தை இங்கே மாற்றியது. பஞ்சுக்குப் பதில் கம்ப்யூட்டர் என்று ஊர் மகிழ்ந்தது. தனி மேசைக் கம்ப்யூட்டர்கள் பரவியபோது வாங் கம்பெனி பின்தங்கி, 1992-ல் திவால் மனு கொடுத்தது. சுமார் 6 கோடி டாலரில் கட்டிய அதன் கோபுரங்கள் 1994-ல் ஏலத்தில் போனது 5,25,000 டாலருக்கு. ஒரே தொழிலை நம்பியிருப்பதன் விலையை லோவெல் இரண்டாம் முறையாகக் கொடுத்தது.

கம்போடியத் தெரு

அதே ஆண்டுகளில், யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. போல் பாட்டின் கொலைக்களங்களிலிருந்து தப்பிய கம்போடியர்கள் 1980-களில் இங்கே வந்தார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லாங் பீச்சுக்கு அடுத்தபடியாகக் கம்போடியர்கள் அதிகம் வாழ்வது லோவெலில். இன்று நகரத்தில் ஐந்தில் ஒருவர் ஆசிய வம்சாவளி. ஐரிஷ்காரர்கள் சுற்றிய தெருக்களில் கெமர் எழுத்துப் பலகைகள் தொங்குகின்றன. 1997-ல் தொடங்கிய நீர் விழாவில் மெரிமாக் ஆற்றில் கம்போடியப் படகுகள் போட்டி போட்டன. 2022 ஜனவரியில், குழந்தையாகத் தப்பி வந்த சோகாரி சாவ் மேயர் ஆனார். அமெரிக்க நகரம் ஒன்றுக்குக் கம்போடிய வம்சாவளி மேயர் வந்தது அதுவே முதல் முறை.

எல்லாம் சுபம் என்று முடித்துவிட முடியாது. லோவெலின் குடும்ப வருமானம் மாநிலச் சராசரியை விடக் குறைவு. அருங்காட்சியகம் ஆலை தந்த அளவுக்கு வேலை தராது. ஊரில் அதிகம் பேருக்குப் பிழைப்பு தருவது பல்கலைக்கழகம், மருத்துவமனை, பள்ளிகள் போன்றவை. புதுப்பித்த ஆலைகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. அவற்றின் வாடகை, ஏக்கர் பகுதியில் இருப்பவர்களில் பலருக்கு எட்டாது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மும்பையின் ஆலை நிலங்களில் கண்ணாடிக் கோபுரங்களும் கடைவளாகங்களும் எழுந்தன. அங்கே உழைத்தவர்களின் தடயம் தேடினால்தான் கிடைக்கும். லோவெலில் தறிக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணின் சம்பளம், அவள் படுத்த அறை, போட்ட கையெழுத்து எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்படுகின்றன. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் பலரின் தாத்தா பாட்டி நாம் பென்னில் பிறந்தவர்கள்.

கால்வாயின் தலைப்பில், பிரான்சிஸின் மரக்கதவு இன்னும் இருக்கிறது. 2006-ல் வெள்ளம் வந்தபோது அதை இறக்கவில்லை, வயதாகிவிட்டது. பக்கத்தில் இரும்புத் தடுப்புகளைப் போட்டு ஊரைக் காத்தார்கள். இந்த முறை யாரும் கேலி செய்யவில்லை.