அஞ்சறைப்பெட்டியும் ஒரு நாள் கணக்கும்

பி.காம். படிச்சவங்களுக்கு 0-10, 10-20ன்னு வகுப்பு இடைவெளி போட்டு டேலி கோடு கிழிச்சது ஞாபகம் இருக்கும். சரியா 10 மார்க் வாங்கினவன் எந்த வகுப்பு? மேல் எல்லையைச் சேர்க்கக்கூடாது, அவன் 10-20லதான்னு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். அதுக்கு இப்போ 'பின்னிங்'னு புதுப்பேர். மும்பைல, எங்க வங்கியோட அனலிடிக்ஸ் பிரிவுல, போன வாரம் நான் புடுங்கின ஆணி அதுதான் :-)

தவணைக் கடன்களை எத்தனை நாள் பாக்கின்னு பார்த்துப் பிரிக்க, பைத்தான்ல ஒரு ஃபங்ஷன் சேர்க்கணும். நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டி மாதிரி அஞ்சு அறை. பாக்கியே இல்லாதது ஒண்ணு. 30 நாள் வரை எஸ்.எம்.ஏ-0. 30ஐத் தாண்டி 60 வரை எஸ்.எம்.ஏ-1. 60ஐத் தாண்டி 90 வரை எஸ்.எம்.ஏ-2. 90ஐத் தாண்டினா வாராக்கடன்.

டீம்ல இருக்கற மராத்திப் பையன், "ஒரே வரி சார்"னு பாண்டாஸ்ல இருக்கற 'கட்' ஃபங்ஷனை எடுத்து 0, 30, 60, 90ன்னு எல்லை கொடுத்தான். பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் சிக்கல் பூஜ்யம். நாம எதுவும் சொல்லலைன்னா, 'கட்' கீழ் எல்லையைச் சேர்க்காது. ஒழுங்கா பணம் கட்டறவங்க எந்த அறையிலயும் விழ மாட்டாங்க. 90ஐத் தாண்டினவங்களும் அப்படித்தான். பிழைன்னு கத்தாது, வெறுமையா விட்டுடும். எண்ணிப் பார்க்கற ஃபங்ஷனும் வெறுமையானதைச் சேர்க்காது. அதனால எல்லைகளை -1, 0, 30, 60, 90, முடிவிலின்னு மாத்தினோம்.

ரெண்டாவது, 30 எந்தப் பக்கம்? 'கட்' மேல் எல்லையைச் சேர்த்துக்கும். நம்பை 'டிஜிடைஸ்' எங்க வாத்தியார் கட்சி, 30ஐ அடுத்த அறைக்குத் தள்ளிடும். விதி '30ஐத் தாண்டினால்' என்பதால இங்கே 'கட்' சொல்றதுதான் சரி.

மூணாவதுதான் பெரிசு: நாளை எப்படி எண்றது? ரிசர்வ் வங்கி 2021 நவம்பர்ல உதாரணத்தோட விளக்கியிருந்தது. மார்ச் 31 தவணை கட்டலைன்னா, ஏப்ரல் 30 எஸ்.எம்.ஏ-1, மே 30 எஸ்.எம்.ஏ-2, ஜூன் 29 வாராக்கடன். தேதியைக் கழிச்சுப் பாருங்க, சரியா 30, 60, 90 வரும். 'கட்' மூணையும் பழைய அறையிலயே போட்டுடும். தவணைத் தேதியையே முதல் நாளா எண்ணினா 31, 61, 91. கணக்கு பொருந்துது.

"ஒரு நாள்தானே சார்"னான் பையன். அந்த ஒரு நாள்ல ஒருத்தரோட எல்லாக் கடனும் வாராக்கடன் ஆகலாம். ஆனப்புறம் ஒரு தவணை கட்டினா மீள முடியாது, அசல், வட்டி மொத்த பாக்கியையும் கட்டணும். தப்பான அறையில போட்டா அவருக்கு நஷ்டம், இல்ல வங்கி தன்னையே ஏமாத்திக்குது.

இப்போ அந்த ஃபங்ஷன் தலையிலயே எந்த எல்லை எந்தப் பக்கம், நாளை எப்படி எண்ணணும்னு எழுதியிருக்கு. 0, 1, 30, 31, 60, 61, 90, 91ன்னு எட்டு சோதனையும் இருக்கு. அத்தனை பேரும் வேலியோரம் நிக்கறவங்க.

உங்க வீட்டுல யாராவது டேட்டா சயின்ஸ் படிச்சா, 30 எந்தப் பக்கம்னு கேட்டுப் பாருங்க. அப்படியே, வீட்டுக்கடன் தவணைத் தேதிக்கு முந்தின நாளே கணக்குல பணம் இருக்கான்னும் பார்த்துக்கோங்க மக்களே!